கூட்டினது யார்?

நாவல் ஒன்று கைக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது எழுதியவரின் பெயரை அல்ல, அச்சிட்ட ஆண்டை. அது முதல் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பார். பிறகு புத்தகத்தின் முதுகில் பென்சிலால் அந்த எண்ணை எழுதி, அலமாரியில் அதற்குரிய இடத்தில் செருகுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டு முன்னறைச் சுவர் முழுக்கப் புத்தகங்கள் இப்படித்தான் நின்றன, வருஷ வரிசையில். அறுபத்தாறில் தொடங்கும். அதற்கு முந்தியது ஒன்றுகூடக் கிடையாது.

"முந்தி நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்க இருந்தனான். பிறகு என்ன நடந்தது எண்டுதான் தெரியாது" என்பார்.

அங்கே என்றால் இங்கிலாந்து. எல்லாமே இங்கிலாந்து நாவல்கள். நூலகங்கள் கழித்துப் போட்டவை, பழைய புத்தகக் கடைகளில் மூலையில் கிடந்தவை, வீட்டைக் காலி செய்கிறவர்கள் தூக்கிக் கொடுத்தவை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் கடிதத்தைப் படிப்பதுபோல அவற்றைப் படிப்பார். யார் செத்தார்கள், யார் வீட்டை விற்றார்கள், தெருக்கோடிக் கடை இப்போது யார் கையில் இருக்கிறது என்று.

நாங்கள் அவரை ஆன்டி என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் அந்த வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்தோம். ஆன்டிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பக்கத்துத் தெரு கிளினிக்கில் பதிவு கவுன்டரில் முப்பது வருஷமாக வேலை. அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம். என் மகள் கயல் தவழ்ந்தது அந்த முன்னறைத் தரையில்தான்.

கயல் இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் முதுகலை படிக்கிறாள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கூட்டம் அவள் தெருவில் இறங்கி, எங்களைப் போன்ற நிறமுள்ளவர்களின் கடைகளையும் வீடுகளையும் பார்த்துக் கல்லெறிந்தது. அவள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்கும் விழுந்தது. அவளைத் திரும்பக் கூப்பிடுவதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பொய்யை எழுதி அனுப்பினேன். அனுப்பிய கணத்தில் ஆன்டி நினைவுக்கு வந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் கிளினிக்குக்குப் போகும் முன் அவர் முன்னறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிப்பார். நாங்கள் மாடியிலிருந்து இறங்கி வருவோம். என் கணவருக்கு அவரைச் சீண்டிப் பார்க்கப் பிடிக்கும்.

"என்ன ஆன்டி, இன்னைக்கு என்ன நியூஸ்?"

"எழுபத்து மூண்டில கரண்ட் இல்லாமக் கிடந்திருக்கினம் தம்பி. மெழுகுதிரி வச்சுத்தான் இராச்சாப்பாடு."

"பாவம்லா. நம்ம ஊர்ல கரண்ட்டு போனா ஒரு மணி நேரத்துல வந்துருது."

"உலகத்தை ஆண்டவை. இப்ப மெழுகுதிரிக்கு வரிசையில நிக்கினம்." அதில் கேலியும் இருக்கும், கவலையும் இருக்கும். இப்ப என்றுதான் சொல்வார். வெளியே அப்போது புதிய ரயில் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் சிமென்ட் தூசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நடந்துகொண்டிருந்தது. ஆன்டி எழுபத்து மூன்றில் இருந்தார்.

ஒரு வருஷத்தை முடிக்காமல் அடுத்த வருஷத்தைத் தொட மாட்டார். இது தெரியாமல் நான் ஒரு தப்பு செய்தேன். அவர் பிறந்தநாளுக்கு, பெரிய கடை ஒன்றில் புத்தம் புதிதாக வந்திருந்த இங்கிலாந்து நாவலை வாங்கிக் கொடுத்தேன். தாளை முகர்ந்து பார்த்தார், சந்தோஷப்பட்டார், வழக்கம்போல முதல் தாளைத் திருப்பினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இது இன்னும் நடக்கேல்ல பிள்ளை."

அலமாரியின் கடைசித் தட்டில், காலியிடம் எல்லாம் தாண்டி, ஓரத்தில் அதைத் தனியாக நிறுத்திவைத்தார். தூர நாட்டில் இருக்கும் ஒரே உறவினர்போல அது அங்கேயே நின்றது.

அவர் படித்ததையெல்லாம் எனக்குச் சொல்வார். வேலைக்காரர்கள் போன பிறகு முட்டை அவிக்கத் தெரியாமல் அடுப்படியில் திகைத்து நிற்கும் சீமாட்டி. அரசாங்கப் படிப்பில் படித்து மேலே போய், சுரங்க வேலை செய்யும் அப்பாவின் பேச்சுக்கு நண்பர்கள் முன்னால் கூசும் பையன். அறை வாடகைக்கு என்ற அட்டைக்குக் கீழே, கறுப்பருக்கு இல்லை என்று இன்னொரு வரி சேர்த்து ஜன்னலில் ஒட்டும் வீட்டுக்காரி. யுத்தத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிப் போன ஒரு நாடு. அதைப் பற்றி ஆன்டி பேசும்போது ஒரு பெரிய குடும்பத்தின் பாகப்பிரிவினையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

ஒரு நாவலில் மலாயாவில் இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தை ஆண்டுவிட்டு ஊர் திரும்பிய துரை ஒருவன் வந்தான். கடற்கரை ஊர் ஒன்றில் குளிர் தாங்காமல், சுவரில் ஒரு மலாய்க் கிரிஸ் கத்தியை மாட்டிக்கொண்டு, தன் நாயோடு மலாய் பேசிக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் வேலையாளை அழைக்கும் ஆங்கிலச் சொல்லால் "போய்!" என்று குரல் கொடுப்பான். யாரும் வர மாட்டார்கள். தானே எழுந்துபோய்க் கிளாஸை எடுப்பான்.

இதைப் படித்துவிட்டு ஆன்டி இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

"பிள்ளை, இருபது வருஷம் இவனுக்குச் சமைச்சுப் போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பானல்லோ. புத்தகம் முழுக்கத் தேடினன். 'போய்' எண்டுதான் இருக்கு. பெயர் இல்ல."

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'முனியாண்டி' என்று எழுதினார். பெயர் இல்லாமல் வந்துபோகும் நர்ஸ், பஸ் கண்டக்டர், ஒரே வரியில் ஒரு பாக்கெட் சிகரெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும் இந்தியக் கடைக்காரர் என்று எல்லாருக்கும் அவர் ஓரத்தில் பெயர் வைத்தார்.

பெயர்களைவிட அதிகமாக அந்த ஓரங்களில் இருந்தது ஒரு கேள்வி. கதையில் ஏதாவது உடையும் இடத்தில் எல்லாம் அது இருக்கும். குடிகாரக் கணவன் தட்டை எறிகிறான், வேலைநிறுத்தத்தில் ஜன்னல் நொறுங்குகிறது, பையன்கள் பந்தடித்துத் தெருவிளக்கை உடைக்கிறார்கள். பக்கத்தில் தமிழில், நறுக்கென்று: கூட்டினது யார்?

அவருக்குச் சுத்தம் பார்க்கும் பைத்தியம் என்று நான் நினைத்திருந்தேன். கயல் வயிற்றில் இருந்தபோது ஒரு காலையில் மாடியில் என் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கியது. கீழே சத்தம் கேட்டு ஆன்டி துடைப்பத்தோடு ஏறி வந்தார். நான் குனியப் போனேன்.

"தள்ளி நில் பிள்ளை. கண்ணாடி கையை வெட்டிப் போடும்."

"நான் பாத்துக்கிறேன் ஆன்டி. நீங்க வேலைக்குக் கிளம்புங்க."

"நில் எண்டு சொல்றன்."

அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடி, கடைசித் துணுக்கு வரை எடுத்துப் பழைய நாளிதழில் மடித்துக்கொண்டு போனார். அன்று கிளினிக்குக்கு அரை மணி தாமதம்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிய இன்னும் மூன்று வருஷம் ஆனது. ஒரு தீபாவளிக்கு என் மாமியாரும் எங்களோடு இருந்தார். என் கணவரின் தம்பி சிங்கப்பூரில் வேலை. இந்த வருஷம் லீவு இல்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டான். என் கணவர் போனை எடுத்து, "அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. உன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். தம்பி அலறியடித்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்து விடிகாலையில் வந்து நின்றான். வாசலில் மாமியார் முறுக்குத் தட்டோடு நின்றார்.

"டேய், ஏமாந்தியா!"

அவன் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு தலையில் கைவைத்து, "அலமாக், உங்கள நம்பி வந்தேன் பாருங்க" என்று அவனும் சிரித்துவிட்டான். வீடே சிரித்தது. பலகாரம் வாங்கிக்கொண்டு போக வந்திருந்த ஆன்டி மட்டும் சிரிக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். முன்னறையில் அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

பத்தொன்பது வயதில் நர்சிங் படிக்க அவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே அப்போது ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போதவில்லை. இங்கிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பெண்களை எடுத்தார்கள். இரண்டரை வருஷம் படித்தாகிவிட்டது. கடைசிப் பரீட்சைக்கு நான்கே மாதம். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்கார விதவை. ஒரு நாள் சாயங்காலம், கறுப்பிகளை வீட்டில் வைத்திருக்கிறாள் என்று யாரோ கல்லெறிந்தார்கள். அடுப்படி ஜன்னல் உடைந்தது.

"அதை அப்பாவுக்குக் கடிதத்தில எழுதினன். ஒரே ஒரு வரி. 'எங்கட வீட்டு ஜன்னலுக்குக் கல் விழுந்தது, பயப்பட ஒண்டுமில்லை.' அவ்வளவுதான். மூண்டு கிழமையில தந்தி வந்தது. அம்மா சீரியஸ், உடனே புறப்படு."

தந்தியைத் தொடர்ந்து பயணச்சீட்டும் வந்தது. கப்பல் சீட்டு. இருபத்து மூன்று நாள் பயணம்.

"முதல் கிழமை முழுக்க அழுதன். சாப்பிடேல்ல. செங்கடல்ல போகேக்கதான் விளங்கினது பிள்ளை. உண்மையாவே சீரியஸ் எண்டால் பிளேன் டிக்கெட் அல்லோ அனுப்புவினம்? ஆனா விளங்கின பிறகும் அழுகை நிக்கேல்ல. பொய்யா இருக்கோணும் எண்டு கும்பிட்டன். பொய்யா இருந்தா அப்பாவை மன்னிக்க மாட்டன் எண்டும் தெரியும். ரெண்டையும் வச்சுக்கொண்டு பதினாலு நாள் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தது. இப்போது போர்ட் கிள்ளான். நாங்கள் இன்று குடியிருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். கரையில் அவர் அம்மா புதுச் சேலையில், குடை பிடித்துக்கொண்டு, நல்ல ஆரோக்கியத்தோடு நின்றிருக்கிறார். மகளைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் சொன்னது, "வெயிலுக்குள்ள எவ்வளவு நேரமாப் பிள்ளை நிக்கிறது, கெதியா வா."

திரும்பிப் போக விடவில்லை. வரன்கள் வந்தன. ஒவ்வொருவரிடமும் ஆன்டி ஒரே பதிலைச் சொன்னார்: எனக்கு நாலு மாதப் படிப்பு பாக்கி இருக்கு. பிறகு வரன்கள் நின்றன. கிளினிக்கில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் நர்சுகள் வெள்ளை உடுப்பில் நடப்பார்கள்.

"அப்பா கெட்டவர் இல்ல. பயந்து போனார். என்ர கடிதம்தான் அவரைப் பயப்படுத்தினது. நான் கல்லைப் பற்றி எழுதினன். கூட்டினதைப் பற்றி எழுதேல்ல."

"கூட்டினதா?"

"கல் விழுந்ததும் நான் துடைப்பத்தை எடுத்தன். அந்த மனுசி பறிச்சுப்போட்டா. 'தள்ளி நில், உன்ர கை பரீட்சைக்கு வேணும்' எண்டு சொல்லி, முழங்காலைக் குத்திக்கொண்டு தானே முழுக்கக் கூட்டினா. அறுபது வயசு அவவுக்கு. முதல் நாள் என்னை உள்ளுக்கு விடவே யோசிச்ச ஆள். அதை நான் எழுதியிருக்கோணும். எழுதியிருந்தால் அப்பா தந்தி அடிச்சிருக்க மாட்டார் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்." அலமாரியைக் கையால் காட்டினார். "இந்தப் புத்தகங்களிலயும் பாத்துக்கொண்டுதான் வாறன். உடைக்கிறதை எல்லாரும் எழுதுகினம். அவவைப் போல ஒருத்தியை இன்னும் காணேல்ல."

நான் அசட்டுத்தனமாக, "உங்கப்பா பயத்துல கூப்பிட்டாரு, பாவம்" என்றேன்.

"பயமெண்டால் பயம் எண்டு எழுதலாம். இல்லாட்டி வந்து பாக்கலாம். கப்பல் ரெண்டு பக்கமும் ஓடினதுதானே?"

அன்று அவர் சொல்லாத ஒன்றைப் பிற்பாடு அம்பாங்கில் இருந்த அவருடைய தம்பி மகன் சொன்னான். ஊர் திரும்பிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் கிளினிக்குக்கு அப்பா போன் செய்திருக்கிறார். அம்மா சீரியஸ், உடனே வா. ஆன்டி, "இந்த முறை எந்தக் கப்பல்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்திருக்கிறார். வேலையை முடித்து, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான பாதையில் நடந்து வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தனவாம்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தார்கள். சண்டை போட்டதாக யாரும் சொல்லவில்லை. அவருக்கு வேளைக்கு மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, கடைசி வரை பார்த்துக்கொண்டவர் ஆன்டிதான். ஆனால் சீரியஸ் என்ற அந்தச் சொல்லை அந்த வீட்டில் மறுபடி யாரும் பயன்படுத்தவில்லையாம். ஆன்டியின் தம்பியான தன் அப்பா படுக்கையில் விழுந்தபோதுகூட, "வீட்டுக்குப் போய் அப்பாவைப் பாத்திட்டு வா" என்றுதான் அனுப்பினாராம் ஆன்டி. அந்தச் சொல் அங்கே ஏற்கனவே செலவாகிவிட்டது.

நாங்கள் கிள்ளானில் வீடு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் மாதம் ஒரு முறை கயலைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பார்ப்போம். கண் மங்கிவிட்டது; வருஷங்கள் மெதுவாக நகர்ந்தன. அவர் இறந்ததும் அந்தத் தம்பி மகன் வீட்டைக் காலி செய்தான். "அக்கா, இந்த புக்கெல்லாம் யாருக்கும் வேணாமாம். லோரிக்காரன் பழைய பேப்பருக்குப் போடட்டுமான்னு கேக்குறான்" என்றான். நாங்கள் போய் முடிந்தவரை ஏற்றிக்கொண்டு வந்தோம். பாதி அலமாரி இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது, அதே வருஷ வரிசையில். கயல் அவற்றைப் படித்துத்தான் வளர்ந்தாள். கதையைவிட ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து அவளுக்குப் பிடித்திருந்தது. யுத்தத்துக்குப் பிறகு வந்த இங்கிலாந்து நாவல்களில் பெயரில்லாமல் வேலை செய்கிறவர்கள் யார் என்பதுதான் அவள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேடு. "இங்கிலீஷ் படிக்க இங்கிலாந்துக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நாங்கள் பெருமையாகத்தான் அனுப்பினோம்.

கல் விழுந்த செய்தியைக் காலை ஆறு மணிக்குப் போனில் பார்த்தேன். அவள் தெருவின் பெயர் திரையில் ஓடியது. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அவள் குரல் வந்தது. "ஒன்னுமில்லம்மா. கூட்டம் வந்ததும் கீழ் வீட்டுப் பாட்டி கதவத் தட்டி, தனியா இருக்காதன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. போன் மேலயே இருந்துச்சு." பதினொரு மணி நேரம். அந்தப் பதினொரு மணி நேரத்தில் நான் எங்கெங்கோ போய்வந்துவிட்டேன். அதை இங்கே எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் "வந்துரு" என்றேன். தினமும் அவள், "இன்னும் ஆறு வாரம்மா, தீசிஸ் கொடுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். வீடியோவில் முகம் மட்டும் தெரிகிற மாதிரியே போனைப் பிடித்துக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தோன்றல் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் சொன்னார்: "இப்படிக் கூப்பிட்டா வரமாட்டா. உனக்கு முடியலன்னு சொல்லு."

"எனக்கு என்ன வியாதின்னு சொல்றது?"

"பிரஷர்தான். அது உனக்கு நிஜமாவே இருக்குல்ல? முழுப் பொய்யில்லையே."

நான் என் போனை எடுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னலா நீ! ஆஸ்பத்திரில படுத்துருக்குறவ எப்படி மெசேஜ் போடுவா? இந்தா, என் போன்ல எழுது."

சிரித்தேன் என்றுகூட நினைவு. அம்மாவை அட்மிட் பண்ணியிருக்கு, பிரஷர் ரொம்ப ஏறிடுச்சு, உடனே கிளம்பி வா. "சீரியஸ்னு ஒரு வார்த்தை சேத்துக்க, அப்பத்தான் கிளம்புவா" என்றார். சேர்த்தேன். அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே அலமாரி. முதல் தட்டின் ஓரத்தில், அவர் கையெழுத்தில், 66. அந்தத் தந்தி வந்த வருஷம்.

என் கணவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அழித்தேன். அங்கே காலை ஏழு மணி. அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது.

"அப்பா, என்ன டிலீட் பண்ணீங்க?"

"நான்தான் கயல். அப்பா போன்ல நான்."

"என்னம்மா ஆச்சு? உடம்புக்கு ஏதும்...?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு ஒன்னுமில்ல. எனக்குப் பயமா இருக்கு. மூணு வாரமா பயமா இருக்கு. அவ்வளவுதான். உன்ன வரவைக்கப் பொய் எழுதினேன். அழிச்சிட்டேன்."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. சொன்னா நீங்க வந்துருன்னுதான் சொல்வீங்க, அதான் சொல்லல."

"நான் வரட்டுமா அங்க?"

"நீங்களா? குளிருதும்மான்னு சொல்வீங்க." அவள் குரலில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு, "வாங்கம்மா" என்றாள். ஐந்து வயதுக் கயலின் குரல் அது.

போனை வைக்கப் போகும்போது எனக்கு அந்தக் கேள்வி வந்தது. யோசித்துக் கேட்கவில்லை.

"கீழ்க்கடைக் கண்ணாடி உடைஞ்சுச்சே. அத யாரு கூட்டினா?"

போனைக் கைமாற்றும் சத்தம் கேட்டது.

"ஓ, அது தெரிஞ்சிருச்சா? மறுநாள் காலைல பாதித் தெரு வந்துச்சும்மா. அவங்கவங்க வீட்டுத் துடைப்பத்தோட. அந்தப் பாட்டி தன்னோட துடைப்பத்த என் கையில குடுத்தாங்க. நானும் போய்க் கூட்டினேன். அதான் உங்க போன எடுக்க அவ்வளவு லேட்டு. வெளிய போனதுக்குத் திட்டுவீங்கன்னு சொல்லல. உள்ளங்கைல லேசா வெட்டு. ரெண்டு தையல். இப்ப காஞ்சிருச்சு."

மூன்று வாரமாக வீடியோவில் அவள் மறைத்தது அதுதான்.

ஆன்டி கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகம் எங்களிடம்தான் இருக்கிறது. முதுகில் 81. நடுவில் கிளினிக்கின் பழைய நம்பர் சீட்டு அடையாளத்துக்குச் செருகியிருக்கிறது. அவர் அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு நகரத்தில் கலவரம் நடக்கிறது, கடைகளின் கண்ணாடி உடைகிறது. ஓரத்தில் அதே கேள்வி. கண் மங்கிய காலத்து எழுத்து, கோடு தவறிக் கோணலாகப் போகிறது.

நேற்று ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து, அதற்குக் கீழே 'கயல்' என்று எழுதினேன். அந்தப் பாட்டியின் பெயரையும் எழுத வேண்டும். அது எனக்குத் தெரியாது; கயலும் பாட்டி என்றுதான் சொல்கிறாள். சனிக்கிழமை விமானம். நேரில் போய் நானே கேட்டுக்கொள்கிறேன்.